நெடுங்கரையின் எடை

“தண்ணீர்த் திருடன் கிணற்றை மறைக்கலாம். மோட்டாரை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைக்கலாம். மீட்டர் பார்க்க வருகிறவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் எடையை மட்டும் ஒளிக்க முடியாது.”

சிந்துஜாவின் பேச்சு எப்போதும் இப்படித்தான் தொடங்கும். நிலநீர் எடை ஆணையத்தின் தலைமைக் கணிப்பாளர் அவள். இளநீர் என்றதும் கூட்டம் சிரிக்கும். எடை என்றதும் நிமிர்ந்து உட்காரும். அடுத்த வாரம் சென்னையில் நடக்கவிருந்த ஆணையத்தின் ஆண்டு விழாவிலும் இதையே பேசுவதாக இருந்தாள். அமைச்சர் வருகிறார், ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். பூமி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுப்பதில்லை. காலடியில் சரக்கு அதிகம் இருக்கும் இடத்தில் ஒரு துளி கூடுதலாக இழுக்கும். சரக்கு குறைந்தால் அதன் பிடி ஒரு துளி தளரும். நிலத்தடி நீரை உறிஞ்சினால் அந்த ஊரில் பூமியின் பிடி தளர்ந்தாக வேண்டும். தளர்வது அற்பம்தான். ஒரு மூட்டை நெல்லை நிறுத்துப் பார்த்தால் அதில் ஓர் உமியின் நுனி அளவுகூட வராது. ஆனால் அந்த அற்பத்தையும் கண்டுகொள்ளும் கருவிகள் வந்துவிட்டன. மேலே செயற்கைக்கோள் கூட்டம், கீழே ஒவ்வோர் ஊரிலும் கிரைண்டர் அளவுக்கு ஓர் ஈர்ப்புமானிப் பெட்டி. இரண்டும் சேர்ந்து வாரம் ஒருமுறை ஊரை நிறுத்துப் பார்க்கும். ஆணையத்துக்கு நீளமான பெயர் வைத்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும், ஜனங்கள் அதை எடை ஆபீஸ் என்றுதான் சொன்னார்கள்.

ஊரின் எடை அளவுக்கு மேல் இறங்கினால் ஊரிலுள்ள மோட்டார்கள் அத்தனையும் சென்னையிலிருந்தே பூட்டப்படும். இதற்குக் கூட்டுப் பூட்டு என்று பெயர். யார் திருடினார் என்று கருவிக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும் என்பது நிர்வாகப் படிப்பு படித்த சிலருடைய யோசனை. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நிற்கும் நீர்க் கம்பத்தில் திருடியவர் கட்டைவிரல் வைத்து ஒப்புக்கொண்டால், அந்த நிமிஷமே மற்றவர்களின் பூட்டு திறக்கும். ஒப்புக்கொண்டவரின் ஆழ்துளைப் போர்க்குழியில் கான்கிரீட் ஊற்றி, ஐந்து வருஷத்துக்கு நீர் உரிமையை ரத்து செய்வார்கள். கேஸும் உண்டு. யாரும் காசு கொடுத்து அழித்துவிடக் கூடாது என்பதற்காக, ஒப்புக்கொண்டவரின் பெயர் மாநிலம் முழுக்க எல்லாக் கம்பங்களிலும் உடனே ஓடும். இந்தக் கடைசி ஏற்பாடு சிந்துஜாவின் யோசனை.

திட்டத்தின் பெருமைக்கெல்லாம் உதாரணம், வெள்ளாற்றங்கரையில் இருக்கும் நெடுங்கரை. போன வருஷம் அங்கே எடை இறங்கி, பூட்டு விழுந்து, சீக்கிரமே கலியபெருமாள் என்ற விவசாயி ஒப்புக்கொண்டார். தோளில் துண்டோடு, கான்கிரீட் ஊற்றிய தன் போர்க்குழிக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற படம் சிந்துஜாவின் உரையில் ஐந்தாவதாக வரும். அந்தப் படத்துக்கு மட்டும் தனியாகக் கைதட்டல் விழும்.

விழாவுக்காக உரையின் அந்தப் பகுதியைக் கொஞ்சம் அழகுபடுத்தலாம் என்று நினைத்ததுதான் வினையாகப் போயிற்று. வெள்ளாற்றில் புதுப் பாலம் கட்ட நெடுஞ்சாலைக்காரர்கள் லேசர் வைத்து எடுத்த, நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் உயரப்படம் ஒன்று அவள் கைக்குக் கிடைத்தது. ஆணையம் வைத்திருந்தது பழைய படம். எவ்வளவு பழசு என்றால், அதில் இருந்த பள்ளிக்கூடம் ஒன்று இடிந்து, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்து, அதுவும் ஓடாமல் மூடிக் கிடந்தது. புதுப் படத்தைப் போட்டு ஒருமுறை கணக்கை ஓட்டினால் வரைபடத்தில் நெடுங்கரையின் எடைக் குறைவைக் காட்டும் சிவப்புக் கறை இன்னும் பளிச்சென்று தெரியும் என்று எண்ணினாள்.

ஓட்டினாள். கறை காணாமல் போயிற்று.

தப்பான ஃபைலை எடுத்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். வேறு கணினியில் ஓட்டினாள். காபி குடித்துவிட்டு வந்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, திரும்பவும் ஓட்டினாள். நெடுங்கரையில் தண்ணீர் குறையவே இல்லை. குறைந்தது ஆறு. பழைய படத்தில் இருந்ததைவிட ஆற்றுப் படுகை இரண்டு மாடி ஆழம் இறங்கிக் கிடந்தது. அவ்வளவு மணலையும் லாரி லாரியாக யாரோ அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கருவி அந்த இழப்பைச் சரியாகவே பார்த்திருக்கிறது. அதைத் தண்ணீர் என்று சொன்னது சிந்துஜா.

தப்பியது கணக்கு மட்டும் அல்ல. போன வருஷ விசாரணைக் கூட்டத்துக்கு நிபுணராக நெடுங்கரைக்கே போனவள் அவள். பந்தல் போட்டு, மைக் கொடுத்தார்கள். “இந்த ஊரில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்” என்று அதில் சொன்னாள். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, “ஆறு பள்ளமாப் போச்சேம்மா, அதெல்லாம் ஒங்க கணக்குல இருக்கா?” என்று கேட்டாள். சிந்துஜா சிரித்தபடி, “எல்லாம் திருத்தியாச்சும்மா, கவலைப்படாதீங்க” என்று பதில் சொன்னாள். ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்தலிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஆறு இருந்தது.

அந்தப் பெண்மணி கலியபெருமாளின் மனைவி என்று பிறகுதான் தெரிந்தது. தையல்நாயகி என்று பெயர்.

*

இயக்குநர் ஞானதுரை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எடை குறைஞ்சதா, இல்லையாம்மா?”

“குறைஞ்சது சார். ஆனா போனது தண்ணி இல்ல, மணல். நம்ம கருவி ரேஷன் கடைத் தராசு மாதிரி. மூட்டை எடை குறைஞ்சிருக்குன்னுதான் சொல்லும். உள்ளேர்ந்து அரிசி போச்சா, பருப்பு போச்சான்னு அதுக்குத் தெரியாது. மேடுபள்ளக் கணக்கைக் கழிச்சிட்டு, மிச்சம் இருக்கறதை நாமதான் தண்ணின்னு சொல்றோம். நாம கழிச்சது பழைய ஆத்தை.”

“புதுப் படம் அப்பவே எடுத்திருக்கலாமே?”

“கேட்டோம். ஆத்துப் படுகைக்கு மேல பறக்க அனுமதி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன் இல்லைன்னு இப்பத்தான் புரியுது. பழசை வச்சே போடுன்னு நீங்க சொன்னீங்க. நானும் போட்டேன்.”

ஞானதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளு திருடலைன்னா எதுக்கு ஒப்புக்கிட்டான்? யாராவது அடிச்சாங்களா, மிரட்டினாங்களா? தானா நடந்து வந்து விரல் வச்சான். திருடாதவன் ஒப்புக்குவானா?”

அந்தக் கேள்வி ஒன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒருவேளை அவர் நிஜமாகவே கொஞ்சம் திருடியிருக்கலாம். அப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டதை நினைத்து உடனே கூசினாள்.

“நான் ஒண்ணும் மூடி மறைக்கச் சொல்லல” என்றார் ஞானதுரை. “விழா முடியட்டும், கமிட்டி போடுவோம். நெடுங்கரை தப்புன்னு இன்னிக்கு வெளிய சொன்னா, நாளைக்கு நிஜத் திருடன் பூராப் பேரும் கோர்ட்டுல நிப்பான். திட்டம் படுத்துரும். அப்புறம் பழையபடி இருக்கறவன் ஆயிரம் அடிக்கு போர் போட்டு உறிஞ்சுவான், இல்லாதவன் குடத்தைத் தூக்கிட்டு அலைவான். இதை மேடை மேடையாச் சொன்னது யாரு? நீதானேம்மா?”

அவள்தான். இப்போதும் அதை நம்புகிறாள். ஞானதுரை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை எவ்வளவோ சுலபமாகியிருக்கும்.

“கமிட்டி முடிய எவ்வளவு நாள் ஆகும் சார்?”

“ஆறு மாசம்னு வை.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஒனக்கு இன்னும் தெரியாதுன்னு நெனைக்கறேன். இந்த வருஷமும் நெடுங்கரை இறங்கியிருக்கு. நேத்து பூட்டு விழுந்தாச்சு” என்றார்.

இறங்காமல் எப்படி இருக்கும்? லாரிகள்தான் நிற்கவில்லையே. குறுவை நெல் இப்போது கதிர் வெளியே வரும் தறுவாயில், தொண்டைக் கதிராக நிற்கும். இந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் ஒரே வாரத்தில் அத்தனையும் பதராகிவிடும். சிந்துஜா எழுந்து வந்தாள். மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டுத் தன் காரிலேயே நெடுங்கரைக்குக் கிளம்பினாள்.

*

பழைய பாலத்தின் மேல் காரை நிறுத்தி, இந்த முறை ஆற்றைப் பார்த்தாள். பாலத்தூண்கள் மண்ணுக்கடியில் மறைந்திருக்க வேண்டிய அடித்தளத்தையும் காட்டிக்கொண்டு நின்றன. ஆற்றுக்குள் இறங்கிய லாரிகள் மேலிருந்து பார்க்கச் சின்னதாகத் தெரிந்தன. இதைக் காட்டச் செயற்கைக்கோள் எதற்கு? கண் இருந்தால் போதும். நிபுணருக்கு அந்தக் கண் இல்லாமல் போனது.

மணல் கிடங்கின் வாசலில் பெரிய குடை ஒன்றை நட்டு, அதன் நிழலில் ஒருவர் லாரிகளுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். தோளில் அதே மாதிரித் துண்டு. படத்தில் பார்த்ததைவிட இளைத்திருந்தார்.

“கலியபெருமாள் ஐயாதானே?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமோ ஆச்சரியமோ முகத்தில் இல்லை. “எடை ஆபீஸ் அம்மாவா? வாங்க. வெயில்ல நிக்காதீங்க, இப்படி வாங்க” என்று ஸ்டூலிலிருந்து எழுந்து அதை அவளுக்குத் தள்ளினார்.

அவள் உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவுக்கு வராமல், விஷயத்தை அப்படியே போட்டு உடைத்தாள். “ஐயா, நீங்க திருடலைன்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. குறைஞ்சது தண்ணி இல்ல, இந்த மணல்தான். நான் போட்ட கணக்கு தப்பு.”

ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. அவர் டோக்கனைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினார்.

“ஆறு எறங்கிப் போச்சுன்னு எங்களுக்குத் தெரியாதாம்மா? இங்கயேதானே கெடக்கறோம். ஆனா வானத்துலேர்ந்து பாக்குற மெஷினு, கண்ணு முன்னாடி இருக்கற இந்தப் பள்ளத்தப் பாக்காதுன்னு யாரு கண்டா? எல்லாம் திருத்தியாச்சுன்னு நீங்க வேற சொன்னீங்க. அப்ப எடுத்தவன் எவனோ ஊருக்குள்ளதான் இருக்கான்னு நாங்களும் நம்பிட்டோம்.”

“அப்படின்னா நீங்க ஏன் ஒப்புக்கிட்டீங்க?”

“பயிரு கருகுதேம்மா” என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல. “மொதல்ல நெசமாவே ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டோம். பங்காளி கொல்லையில போயி மோட்டாரத் தொட்டுப் பாத்தேன், சூடா இருக்கான்னு. அவன் எங் கொல்லையில வந்து பாத்தான். ரெண்டு பேரும் மோதிக்கிட்டு வெக்கமாப் போச்சு. யாரு வீட்டுலயும் ஒண்ணும் இல்ல. ஆனா கம்பம் தொறக்க ஒரு திருடன் வேணுமே. இல்லாத திருடனுக்கு எங்க போறது? காளியம்மன் கோயில்ல எல்லாரு பேரையும் எழுதித் திருவுளச் சீட்டுப் போட்டோம். எம் பேரு வந்துச்சு.”

ஞானதுரை கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். தன் கணக்குக்குக் கடைசிச் சாட்சி என்று ஒன்றரை மணி நேர உரையில் அவள் கொண்டாடிய ஒப்புதல், கோயிலில் குலுக்கி எடுத்த ஒரு காகிதம்.

“இந்த வேலை...” என்று டோக்கன் புத்தகத்தைக் காட்டினாள்.

“நெலம் தரிசாக் கெடக்கு. பக்கத்துல வேற என்ன வேலை இருக்கு? கேட்டேன், குடுத்தாங்க.” குடையின் கம்பியைச் சரிசெய்தபடி சொன்னார்: “எடுக்கறவன்கிட்டயே கூலி வாங்கித் திங்கறோமேன்னு இருக்கத்தான் இருக்கு. சாப்பிடாம இருக்க முடியலையே. சரி, நல்ல நேரத்துலதான் வந்தீங்க. இன்னிக்கும் சீட்டுதான். வர்றீங்களா?”

*

கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியிருந்தது. சந்தைக்கடை இரைச்சல் எதுவும் இல்லை. வீட்டுக்கு ஒருவராக வந்து பெயர் எழுதிய சீட்டை மடித்துப் பித்தளைச் சொம்பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட ஓட்டுப் போடுகிற மாதிரிதான் இருந்தது, யாரும் ஜெயிக்க விரும்பவில்லை என்பதைத் தவிர.

சிந்துஜாவை முதலில் பார்த்தது தையல்நாயகி. கையில் இருந்த குங்குமத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தாள்.

“யார்ரா திருடன்னு பாக்க வந்தீங்களா?”

“தையல்” என்று கலியபெருமாள் அடக்கினார். “அந்தம்மா வேற சொல்ல வந்திருக்காங்க.”

சிந்துஜா சொன்னாள். இந்த முறை மைக் இல்லை. இரண்டு முறை நிறுத்தித் தொடர்ந்தாள். தண்ணீர் குறையவில்லை, மணல்தான் போயிருக்கிறது, பழைய படத்தை வைத்துக் கணக்குப் போட்டது தன் தப்பு, ஊரில் யாரும் பொய் சொல்லவில்லை என்று சொல்லி முடித்தாள்.

தையல்நாயகி அவளை விடுவதாக இல்லை. “அன்னிக்கு எந்திரிச்சு ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கும்மா. ஆத்துப் பள்ளம் கணக்குல இருக்கான்னு கேட்டீங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எல்லாம் திருத்தியாச்சுன்னு சொன்னேன்.”

“திருத்தியிருந்தீங்களா?”

“இல்ல. திருத்தியிருக்கான்னு பாக்கக்கூட இல்ல.”

தையல்நாயகி அடுத்து ஏதாவது திட்டியிருந்தால் சிந்துஜாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. “பந்தல்ல அத்தனை பேரும் என்னையப் பாத்து சிரிச்சாங்க. அடுத்த வாரம் என் வீட்டுக்காரரு பேரே சீட்டுல வந்துச்சா, திருடுன வீட்டுக்காரிதான் அப்படிக் கேட்டிருக்கான்னு பக்கத்து ஊருல பேசுனாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கத் திரும்பிப் போனாள்.

கூட்டத்திலிருந்து ஒருவர், “அதான் தப்புன்னு தெரிஞ்சுபோச்சே, மெட்ராஸ்ல சொல்லிப் பூட்டத் தொறக்கச் சொல்லுங்க மேடம்” என்றார்.

“சொன்னேங்க. கமிட்டி போட்டு விசாரிக்க ஆறு மாசம் ஆகும்ங்கறாங்க.”

“ஆறு மாசமா? அதுக்குள்ள வைக்கோலக்கூட மாடு தின்னு முடிச்சிருமே!” என்றார் அவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு பூசாரியைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவ்வளவுதான், எடை ஆபீஸ் அம்மா சொன்ன உண்மையால் ஒரு மோட்டாரும் ஓடப் போவதில்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பூசாரி கண்ணை மூடிச் சொம்புக்குள் கைவிட்டார்.

“வனரோஜா.”

குத்தகைக்கு நிலம் எடுத்துத் தனியாகப் பாடுபடுகிற பெண். பெயரைக் கேட்டதும் அவள் அழவில்லை. “சரிங்க” என்று சொல்லி எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, அப்படியே நின்றாள்.

“அது மவளுக்குப் போலீசுல எடம் கெடச்சிருக்கு” என்று கலியபெருமாள் சிந்துஜாவிடம் தணிந்த குரலில் சொன்னார். “வர்ற வாரம் வீட்டுக்கு விசாரணைக்கு வர்றாங்க. தாயி மேல திருட்டுக் கேசுன்னா அந்தப் புள்ளைய எடுப்பாங்களா?” பிறகு ஊரைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “நானே போறேன்ப்பா. எனக்கு இன்னும் கெட என்ன இருக்கு?”

“ஒங்க போருதான் மூடியாச்சே மாமா. கம்பம் ஒத்துக்காது” என்றார் யாரோ. அது சரிதான். மூடிய போர்க்குழியிலிருந்து திருட முடியாது என்கிற அளவுக்கு அந்தக் கம்பத்துக்குப் புத்தி இருந்தது.

வனரோஜா பஞ்சாயத்து ஆபீசை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். ஊர் அவள் பின்னால் மெதுவாக நகர்ந்தது. யாரும் அவள் பக்கத்தில் போகவில்லை.

சிந்துஜா வேகமாக நடந்து அவளைத் தாண்டிப் போனாள். யோசித்து எடுத்த முடிவு என்று இதைச் சொல்ல முடியாது. வனரோஜாவின் கட்டைவிரல் அந்தக் கம்பத்துக் கண்ணாடியில் படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கம்பத்துக்கு முன்னால் நின்று திரையைத் தொட்டாள்.

“வணக்கம். தண்ணீர் நம் எல்லோருக்கும் சொந்தம்” என்றது கம்பம், அவள் குரலிலேயே.

சிந்துஜா திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். கம்பங்களுக்குக் குரல் கொடுக்கச் சொல்லித் திட்டம் தொடங்கியபோது அவளிடம்தான் பதிவு செய்தார்கள். உச்சரிப்பு தெளிவாக இருக்கிறது என்று அப்போது பாராட்டினார்கள். கலியபெருமாளும் இந்தக் குரலைக் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

“நீங்கள் இந்த ஊர்க்காரரா? வெளியூரா?”

வெளியூர் என்பதைத் தொட்டாள். டேங்கர் லாரி வைத்துத் திருடுகிறவர்களைப் பிடிக்க அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னவளும் அவள்தான்.

“எவ்வழியில் எடுத்தீர்கள்?” ஆழ்துளை, லாரி, குழாய், மற்றவை. மற்றவை என்பதைத் தொட்டதும், வாயால் சொல்லும்படி கம்பம் கேட்டது.

“என் பெயர் சிந்துஜா. எடை ஆணையத்தின் தலைமைக் கணிப்பாளர்” என்று ஆரம்பித்தாள். “நெடுங்கரையில் யாரும் தண்ணீரைத் திருடவில்லை. ஆற்று மணல் போனதைப் பார்க்காமல், பழைய உயரப்படத்தை வைத்து, தண்ணீர் போனதாக நான்தான் கணக்குக் காட்டினேன். இந்த ஊர்த் தண்ணீரை இரண்டு வருஷமாக இவர்களிடமிருந்து எடுத்தது நான்.”

கட்டைவிரலை வைத்தாள். கண்ணாடி வெயிலில் சூடாக இருந்தது. கம்பம் அவளை அடையாளம் கண்டுகொண்டு ஒரு பச்சை விளக்கு போட்டது. உண்மையா பொய்யா என்று அது யாரிடமும் இதுவரை கேட்டதில்லை. அதற்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

“உங்கள் நேர்மைக்கு நன்றி” என்றது அவள் குரல்.

முதலில் கிழக்கே ஒரு மோட்டார் உறுமியது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஊரைச் சுற்றிலும் மோட்டார்களின் சத்தம் எழுந்தது. கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, மடை திருப்ப ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். வனரோஜா மட்டும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

தையல்நாயகி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து சிந்துஜாவிடம் நீட்டினாள். “குடிங்க” என்றாள். மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. சிந்துஜா அதை எதிர்பார்க்கவும் இல்லை. தரிசாகப் போன இரண்டு போகத்தை ஒரு கட்டைவிரலால் திருப்பித் தர முடியாது.

கலியபெருமாள் மோட்டார் சத்தத்தைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “மொத நாளு எனக்கும் சந்தோசமாத்தான் இருந்துச்சும்மா” என்றார். “மறுநாள் டீக்கடையில போயி உக்காந்தப்பதான் தெரிஞ்சுது. சொன்னவங்க, கேட்டவங்க, சீட்டு எழுதுனவங்க எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க. நானும் எந் திருட்டும் மட்டும் உக்காந்திருந்தோம். ஒங்களுக்கு அப்படி ஆச்சுன்னா என் டோக்கன் குடைக்கு வாங்க. டீ வாங்கித் தர்றேன்.”

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதே சமயம் போனும் அடித்தது. ஞானதுரை. குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

“சிந்துஜா, எங்கம்மா இருக்கே? பாத்தியா, நெடுங்கரை தொறந்திருச்சு! இந்த வருஷமும் திருடன் மாட்டிட்டான். நீ என்னமோ கணக்கு தப்பு, ஒருத்தரும் திருடலைன்னு பயந்தியே. இப்பத்தான் போர்டுல பச்சை விழுந்துது. அமைச்சர் ஆபீசுக்கே போன் பண்ணிச் சொல்லிட்டேன். மாநிலம் பூராக் கம்பத்துல ஓடிக்கிட்டிருக்கு. கலியபெருமாள் படத்தை எடுத்துட்டு, விழாவுல இந்தப் புது ஆளு படத்தைப் போட்டுரு, என்ன?”

“யாருன்னு பாத்தீங்களா சார்?”

“இல்லம்மா, பச்சை விழுந்ததும் ஒனக்குத்தான் அடிக்கறேன். எவனா இருந்தா என்ன?”

“பேரைப் படிங்க சார்” என்றாள் சிந்துஜா.